இன்ஜின் முள் நடுவில்தான் நிற்கிறது... ஆனாலும் வண்டி நகராது! லிவா பாலைவனத்தில் ஒரு சனிக்கிழமை

ஜனவரி மாதச் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கே மெசைரா பெட்ரோல் பங்கில் கூட்டம். லேண்ட் குரூஸர், பேட்ரோல், ரேங்லர் என்று உயரமான வண்டிகளாக வரிசை கட்டி நிற்கின்றன. ஒருவர் டேங்க் நிரப்புகிறார், ஒருவர் தண்ணீர் பாட்டில்களைக் கட்டுக்கட்டாக ஏற்றுகிறார். அரபியும் உருதும் மலையாளமும் கேட்கும் இடத்தில் ஓர் ஓரமாகத் தமிழும் கேட்கிறது. அபுதாபியில் வேலை பார்க்கும் மூன்று தமிழ்க் குடும்பங்கள், மூன்று வண்டிகள். கூடவே ஒரு பானை எலுமிச்சை சாதம்.

அபுதாபி நகரத்திலிருந்து தெற்கே சுமார் இரண்டரை மணி நேரம் ஓட்டினால் லிவா வரும். பிறை நிலா மாதிரி வளைந்து கிடக்கும் பேரீச்சந்தோப்புகள். மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் கிடைத்ததால் மனிதர்கள் தங்கிய இடம் இது. அபுதாபியை ஆளும் குடும்பத்துக்கும், துபாயை ஆளும் குடும்பத்துக்கும் இதுதான் பூர்வீகம். தோப்புகளைத் தாண்டித் தெற்கே பார்த்தால் வேறு எதுவும் இல்லை. ரூப் அல் காலி தொடங்கிவிடுகிறது. சவுதி, ஓமன், ஏமன் வரை சுமார் 6,50,000 சதுர கிலோமீட்டருக்கு மணல்தான். அரபியில் 'ரூப்' என்றால் கால் பங்கு. 'காலி' என்றால் நாம் சொல்கிற அதே காலிதான். அந்தச் சொல் அரபியிலிருந்து உருது வழியாக நம் ஊருக்கு வந்தது. 1940களில் வில்ஃப்ரெட் தெசிகர் என்ற ஆங்கிலேயர் பெதூயின்களோடு ஒட்டகத்தில் இந்த மணலைக் கடந்தார். ஒட்டகத்துக்கு கியர்பாக்ஸ் கிடையாது என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

மெசைராவிலிருந்து ஒரு தார்ச்சாலை மணல் மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து தல் மொரீப் வரை போகிறது. 'மொரீப்' என்றால் பயமுறுத்துவது என்று பொருள் சொல்கிறார்கள். சுமார் 300 மீட்டர் உயரம், 50 டிகிரி சரிவு. நம் திருச்சி மலைக்கோட்டையை மூன்று முறை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் எட்டாது. குளிர்காலத் திருவிழாவில் இதன்மேல் வண்டியேற்றும் போட்டி நடக்கும். ஆனால் குடும்பத்தோடு வருகிறவர்கள் அதை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. அவர்களுடைய ஆட்டமெல்லாம் சாலையோரத்துச் சின்ன மணல்மேடுகளில்தான்.

மணலில் இறங்கும் முன் எல்லோரும் டயரில் காற்றை இறக்குகிறார்கள். 35 பி.எஸ்.ஐ. இருந்ததை 15க்குக் கொண்டுவந்தால் டயர் தட்டையாகி ஒட்டகப் பாதம் மாதிரி விரிந்துகொள்ளும். மணலில் புதையாது. நடுவில் நிற்கும் வண்டியின் சொந்தக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வயது முப்பதுக்குள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆட்டோமேட்டிக் வண்டி. முந்தைய சொந்தக்காரர் ஏற்கெனவே அதை 'பாலைவன வண்டி'யாக மாற்றியிருந்தார். 31 அங்குல டயர் இருந்த இடத்தில் 35 அங்குலம், முன்னால் இரும்பு பம்பர், அதன்மேல் வின்ச், கிரில்லுக்கு முன் நீளமான விளக்குப்பட்டை, மேலே கேரியர், அதில் இரண்டு கேன் பெட்ரோல். பார்க்க சினிமா வண்டி மாதிரி இருக்கிறது. அவர் 22 பி.எஸ்.ஐ.யோடு நிறுத்திக்கொண்டார். ரொம்ப இறக்கினால் ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடுமோ என்ற பயம்.

பதினொரு மணிக்கு அந்த வண்டி ஒரு பள்ளத்தில் புதைந்தது. முன்னே, பின்னே, முன்னே, பின்னே என்று பத்து நிமிடம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். ஒருவழியாக வெளியே வந்து அடுத்த மேட்டில் பாதி ஏறியதும் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை.

"சூடே இல்லையே, முள் நடுவுலதானே நிக்குது?" என்றார் மனைவி. பின் சீட்டில் ஆறு வயதுப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். செல்போனில் சிக்னல் இல்லை.

வாக்கிடாக்கியில் சொன்னதும் முன்னால் போன நாகர்கோவில்காரர் திரும்பி வந்தார். பன்னிரண்டு வருடமாக மணலில் ஓட்டுகிறவர், குழுவுக்கே அண்ணன். அவர் இறங்கி ஓடிவருவதற்குள் இவர் கை சாவிக்குப் போய்விட்டது.

"ஆஃப் பண்ணாதீங்க தம்பி! நியூட்ரல்ல போடுங்க, ஹேண்ட் பிரேக்கை இழுங்க. ஏசியை மட்டும் அணைங்க."

சூடான வண்டியை உடனே அணைப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் விஷயத்தில் அது தப்பு. கியர்பாக்ஸுக்குள் ஓடும் எண்ணெயைத் தள்ளுகிற பம்ப்பை இன்ஜின்தான் சுற்றுகிறது. இன்ஜின் நின்றால் எண்ணெயும் நின்றுவிடும், கூலருக்குப் போகாது. இருக்கிற சூடு உள்ளேயே கிடந்து வேகும். சில பழைய கியர்பாக்ஸ்களில் 'பார்க்' போட்டால்கூட கூலருக்கு எண்ணெய் போகாது. அதனால்தான் நியூட்ரல்.

அண்ணன் தன் வண்டியிலிருந்து தீப்பெட்டி அளவு ஒரு ரீடரைக் கொண்டுவந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினார். ப்ளூடூத் வழியாக அவர் போனில் எண் வந்தது: 128 டிகிரி செல்சியஸ்.

"நீங்க பாக்குறது இன்ஜின் தண்ணியோட சூடும்மா. இது கியர்பாக்ஸ் எண்ணெயோட சூடு. அதுக்கு இந்த வண்டியில முள்ளே கிடையாது. இந்த விளக்குதான், அதுவும் லேட்டா எரியும்."

அந்த எண்ணெய்க்கு 80லிருந்து 95 டிகிரி வரை சௌகரியம். 115 வாக்கில் எண்ணெய் கெட ஆரம்பித்து உள்ளே பிசின் மாதிரி படியும். 125ஐத் தாண்டினால் ரப்பர் சீல்கள் இறுகும். 145 வாக்கில் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் பிடிப்பை இழந்து கருகும். 95க்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளின் தோராயக் கணக்கு.

வெளியே வெறும் 24 டிகிரி. இவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்ற உருண்டை இருக்கிறது. இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் இல்லையா? அதே கதைதான், காற்றுக்குப் பதில் எண்ணெய். நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது இரண்டு விசிறியும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். சூடு குறைவு. மணலில் வண்டி மெதுவாகப் போகிறது, இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது. ஒரு விசிறி ஓட, மற்றது பின்தங்க, நடுவில் எண்ணெய் கடைபட்டே கொதிக்கிறது. ஆக, சூடாக்கியது வெயில் இல்லை, மணல். புதைந்த இடத்தில் முன்னே பின்னே மிதித்த அந்தப் பத்து நிமிடம் நூறு கிலோமீட்டர் ஓட்டத்தைவிட மோசம்.

அண்ணன் டார்ச் அடித்து கிரில்லுக்குள் பார்த்தார். முந்தைய சொந்தக்காரர் கியர்பாக்ஸுக்கென்று தனிக் கூலர் மாட்டித்தான் வைத்திருந்தார். நல்ல பொருள்தான். ஆனால் வின்ச்சுக்கு நேர் பின்னால். அதற்கு முன்னால் விளக்குப்பட்டை. காற்று எந்த வழியாக வரும்? வரும் கொஞ்சக் காற்றையும் ஏசியின் கண்டென்ஸர் சூடாக்கிவிடும். பெரிய டயர் இன்னொரு வினை. 31ஐ 35 ஆக்கினால் வண்டிக்கு எல்லா கியரும் சுமார் 13 சதவீதம் உயர்ந்துவிட்ட மாதிரி. ஆக்ஸில் பல்சக்கர விகிதத்தை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றினால், அந்தப் பாரம் முழுவதும் கன்வெர்ட்டர் தலையில்தான் விழும். வெளியே தெரிகிற சாமான்களுக்குச் செலவழிப்பவர்கள், வெளியே தெரியாத இந்தப் பல்சக்கரத்துக்கு யோசிப்பார்கள். மனித சுபாவம்!

காற்று வடமேற்கிலிருந்து வீசியது. வண்டியை மெல்லச் சரிவில் இறக்கி, மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, பானெட்டைத் திறந்து வைத்தார்கள். 119... 111... எண்ணெய் இறங்க இறங்க எலுமிச்சை சாதமும் இறங்கியது. பையன் விழித்து, சிவப்பும் மஞ்சளுமாக இருந்த மணலில் உருண்டான். லிவா மணலின் அழகே இந்த நிறம்தான். காலையில் வெளிறி இருக்கும், நேரம் சாயச் சாய செம்மண் மாதிரி ஆகும். மேடுகளுக்கு நடுவே வெள்ளையாக உப்புத் தரைகள். 'சப்கா' என்பார்கள். பார்க்கக் கெட்டித் தரை மாதிரி இருக்கும், ஈரமாக இருந்தால் வண்டியை விழுங்கும்.

இருபது நிமிடத்தில் 96. "இப்ப டயரைப் பதினஞ்சுக்கு இறக்குங்க. லோ ரேஞ்ச் போடுங்க," என்றார் அண்ணன். நான்கு சக்கர வண்டிகளில் லோ ரேஞ்ச் என்ற கியர் தொகுதி உண்டு. அதைப் போட்டால் அதே வேலைக்கு கன்வெர்ட்டர் அவ்வளவு பாடுபட வேண்டாம். பலரும் பாறைக்குத்தான் அது என்று நினைத்து மணலில் தொடுவதே இல்லை. காற்று குறைந்த டயர் மணல்மேல் மிதக்கும், இன்ஜினுக்குச் சுமை குறையும். கடையில் விற்கும் எந்தக் கூலரையும்விட மலிவான கூலர் இதுதான்.

அதே மேடு. இந்த முறை வண்டி முனகாமல் ஏறியது. உச்சியில் எண் 101.

அதற்குப் பிறகும் அவரை அண்ணன் விளையாட விடவில்லை. "எண்ணெய் கறுத்திருக்கான்னு பாக்கணும். தீய்ஞ்ச வாடை வந்தா மாத்திடணும்." முசாஃபா தொழிற்பேட்டை கராஜில் என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார். கூலரை வின்ச்சுக்குப் பின்னாலிருந்து எடுத்து, தனி மின்விசிறியோடு, சூடு ஏறினால் தானாக ஓடும் சுவிட்சோடு வேறு இடத்தில் மாட்ட வேண்டும். மணலில் வண்டி மெதுவாகப் போவதால் காற்று தானாக வராது, விசிறிதான் இழுக்க வேண்டும். எண்ணெய் குழாய்க்கு சாதாரண ரப்பர் கூடாது. கசிந்து சைலன்சர் பைப்பில் விழுந்தால் தீப்பிடிக்கும். ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும் பழைய கூலரையும் சோதிக்க வேண்டும். அது உள்ளே ஓட்டையானால் தண்ணீரும் எண்ணெயும் கலந்து ரோஸ் மில்க் நிறத்தில் வரும். அப்படி வந்தால் பெரும்பாலும் கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டியதுதான். கேட்கிற செலவு சில மாதச் சம்பளம்.

"அந்த லைட்டுப் பட்டையைக் கழட்டிடலாமா அண்ணே?"

"ராத்திரி நீங்க எங்க ஓட்டப் போறீங்க?"

மனைவி சிரித்துவிட்டார்.

நான்கு மணிக்கு மொரீப் அடிவாரம். யாரோ ஒரு உள்ளூர் இளைஞர் பேட்ரோலை மேல்நோக்கி விரட்ட, மணல் நீர்வீழ்ச்சி மாதிரி பின்னால் கொட்டியது. முக்கால்வாசி ஏறி, நின்று, பின்னோக்கியே இறங்கினார். தஞ்சாவூர்க்காரர் கைதட்டிவிட்டுத் தன் வண்டியின் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

தார்ச்சாலைக்கு வந்து கம்ப்ரஸரை மாட்டி ஒவ்வொரு டயருக்கும் காற்று ஏற்ற முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பும் வழியில் அண்ணன் அந்த ரீடரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மெசைரா தாண்டும்போது பையன் முன் சீட்டுக்கு நடுவே தலையை நீட்டி அம்மாவின் போனைப் பார்த்து எண்ணைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தான். தொண்ணூற்று இரண்டு... தொண்ணூறு... எண்பத்தெட்டு.