அந்த வரியை எழுதியவன் நான்தான்

கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை பார்க்கிறேன். பிறந்து வளர்ந்தது டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். ஆபீசில் பலருக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். இரண்டாவதை நானாகச் சொன்னதில்லை. கேட்டால், "ஹட்டன் பக்கம்" என்று முடித்துக்கொள்வேன்.

ஹட்டன் பக்கம் என்று தெரிந்ததால் மலைநாட்டுக்குப் போகிறவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, வேன் பிடிப்பதா, கார் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுவதா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தேடிக் கொடுத்துச் சலித்துப்போய் ஒரு சின்ன கொம்பியூட்டர் புரோகிராம் எழுதினேன். முன்பதிவுத் தளங்களில் கிடைக்கும் விலை, மதிப்பெண், எத்தனை பேர் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், ஹட்டன் அல்லது நானுஓயா ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம் ஆகியவற்றை ஓர் அட்டவணையில் போட்டால், அது வரிசைப்படுத்திக் கொடுத்துவிடும். மதிப்பெண்ணுக்குப் பாதிக் கனம், மீதி விலைக்கும் தூரத்துக்கும். அதற்குள் இரண்டு வரிகள் எழுதியிருந்தேன். இருபது பேருக்குக் குறைவானவர்கள் கருத்துச் சொல்லியிருந்தால் அந்த இடத்தைக் கணக்கிலேயே எடுக்காதே. மதிப்பெண் எட்டுக்குக் கீழ் இருந்தால் விட்டுவிடு.

யாரும் சொல்லி எழுதியதல்ல. இருபது என்ற எண்ணையும் எட்டு என்ற எண்ணையும் தேர்ந்தெடுத்தவன் நான். அவை யாரை வெளியே தள்ளும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

வரிசையின் மேலே வந்தவை எவை? தோட்டத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய பங்களாக்கள் 2005 முதல் உலகப் புகழ்பெற்ற தங்குமிடங்களாக இருக்கின்றன. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் கொழுந்து அரைத்த பெக்டரி, 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. நல்ல இடங்கள்தான், உழைத்து உருவாக்கியவை. அவற்றில் நம் பிள்ளைகளும் வேலை பார்க்கிறார்கள். அந்தப் பங்களாக்களில் ஓர் இரவுக்குப் பல நூறு டொலர். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க என் அட்டவணையில் இடம் இருக்கவில்லை.

அந்த வரிசையில் ஏன் லயத்து மனிதர் ஒருவர்கூட வரவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இருந்தது. தங்குமிடம் நடத்த முதலில் காணி வேண்டும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போனது. இரண்டு தடவையும் லயத்து அறையில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர் கைக்குக் காணி உறுதி வரவில்லை. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கிடைத்தவர்கள் பிறகு உண்டு, ஆனால் பெரும்பாலானோருக்கு இன்னும் இல்லை. உறுதி இல்லாவிட்டால் வங்கிக் கடன் இல்லை, பதிவு இல்லை, தளத்தில் போட எதுவும் இல்லை.

முகவரியும் அப்படித்தான். எங்கள் லயத்துக்குத் தெருப் பெயர் கிடையாது, வீட்டு இலக்கம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து எப்போது கைக்கு வருமோ அப்போதுதான். எனக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் ஒன்று நாள் கடந்த பிறகுதான் கைக்கு வந்தது. கூகுள் வரைபடத்தில் ஒரு கடையையோ வீட்டையோ பதிய வேண்டுமானால், முகவரிக்குத் தபாலில் வரும் இலக்கத்தைத் திரும்பப் பதிய வேண்டும் என்பதுதான் பல வருடம் வழக்கமாக இருந்தது. தபால்காரர் வராத வீட்டுக்கு அந்த இலக்கம் எப்படி வரும்? பாதையும் அப்படித்தான். பிரதேச சபைச் சட்டத்தில், சபைகள் தோட்டத்துக்குள் பணம் செலவழிக்கத் தடையாக இருந்த 33ஆம் பிரிவே 2018இல்தான் திருத்தப்பட்டது. அதுவரை எங்கள் பாதைக்குக் கல் போடக்கூடச் சபைக்கு வழியில்லை.

இவ்வளவையும் நான் மேடையில் பேசியிருக்கிறேன். 2023இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதன் கடைசிப் பகுதியில் நானும் நடந்தேன். காணி உரிமை, முகவரி உரிமை என்று தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டேன். அப்போது சட்டைப் பையில் இருந்த போனில் அந்த இரண்டு வரிகளும் அப்படியே இருந்தன.

இனி மஸ்கெலியா விஷயம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மேலே சொன்னதெல்லாம் இதற்கு வருவதைத் தள்ளிப்போட்டதுதான்.

சிவனொளிபாதமலை சீசனில் ஒரு பௌர்ணமி வார இறுதி. ஆபீஸ் நண்பர்களோடு மலையேறத் திட்டம். என் புரோகிராம் காட்டிய இடமெல்லாம் நிரம்பிவிட்டதால் இருபது என்ற எண்ணை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குப் போகிற பாதையில் ஒரு வீடு வந்தது. மாடியில் இரண்டு அறை. மூன்று பேர் மட்டும் மதிப்பெண் போட்டிருந்தார்கள்: 8, 9, 9.

வீட்டுக்கார அக்கா தோட்டத்துப் பெண். குவைத்தில் வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் டவுனுக்கு வெளியே துண்டுக் காணி வாங்கி, கீழே குடியிருந்துகொண்டு மேலே கட்டியிருந்தார். பேச்சைக் கேட்ட உடனே தெரிந்தது. அவர் சொன்ன தோட்டம், என் அம்மா கொழுந்தெடுத்த மலைக்கு அந்தப் பக்கம். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்.

"சாருக்கு எந்த ஊருங்க?"

நண்பர்கள் பக்கத்தில் நின்றார்கள். "கொழும்பு" என்றேன். அதற்குப் பிறகு அவரோடு பேசியதெல்லாம் இங்கிலீஷில். அவரும் தனக்குத் தெரிந்த குவைத் இங்கிலீஷில் பதில் சொல்லப் பாடுபட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு ஒரு மணிக்குக் கதவைத் தட்டினார். கீழே குசினியில் விறகடுப்பில் இரும்புக் கல். தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியைக் கல்லிலிருந்து எடுத்து, நெருப்பில் ஒருமுறை காட்டி, துணி விரித்த தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மியில் அரைத்த கட்டச்சம்பல். பிளாஸ்க் நிறைய இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. மேலே குளிரும் என்று சொல்லி, ஒரு நண்பனுக்குத் தன் மகனின் கம்பளித் தொப்பியைக் கொடுத்தார். திரும்ப வாங்க மறந்துபோனார்.

கொழும்புக்கு வந்து நான் எழுதிய கருத்து இது: காலை உணவு என்று ரொட்டியும் சம்பலும் மட்டுமே. வெந்நீர் வரத் தாமதம். வீட்டுக்காரருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. மதிப்பெண் 5.

அந்த ரொட்டியைத் தின்றுதான் நான் ஸ்கூலுக்குப் போனேன். அம்மா காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போகுமுன் சுட்டுவைத்துவிட்டுப் போவார். அதைத்தான் குறை என்று எழுதினேன். அன்றைக்கு எனக்கு ருசியாகவும் இருந்தது. நண்பர்களும் அந்தக் கருத்தைப் படிப்பார்கள், நான் எந்த மாதிரி இடத்தை எதிர்பார்க்கிறவன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்ற எண்ணம்தான் அதை எழுத வைத்தது. வேறு காரணம் இல்லை.

கணக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்கு என் தொழில். 8, 9, 9 கூட்டினால் 26. சராசரி 8.7. என் ஐந்தைச் சேர்த்தால் 31, நான்கால் வகுத்தால் 7.75. எட்டுக்கு மேல் மட்டும் காட்டு என்று தேடுகிற எவர் திரையிலும் அந்த வீடு இனி வராது. அதே ஐந்தை, ஆயிரம் பேர் சேர்ந்து 8.6 கொடுத்திருக்கிற பெரிய ஹோட்டலுக்குப் போட்டிருந்தால் முதல் தசமம்கூட அசைந்திருக்காது. சிறிய இடத்தை ஒரே ஒருவரால் இறக்கிவிட முடியும் என்பதை ஆபீசில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தவன் நான். தெரிந்துதான் போட்டேன்.

அடுத்த சீசனில் வேறு ஒரு கோஷ்டிக்காகத் தேடியபோது அந்த வீடு வரவில்லை. எண்ணைத் தளர்த்திப் பார்த்தேன். அப்போதும் இல்லை, தளத்தைவிட்டே போய்விட்டது. வருத்தப்பட்டேன் என்று எழுத ஆசைதான். அன்றைக்கு வந்தது நிம்மதி. அக்காவை இனி எந்தப் பட்டியலிலும் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதி.

வேன் விஷயத்திலும் இதே ஆள்தான் நான். எங்கள் கீழ் லயத்து அண்ணன் ஒருவர் லீசிங்கில் கேடிஎச் வேன் எடுத்து ஹயர் ஓடுகிறார். "கொழும்புல தெரிஞ்சவங்க வந்தா சொல்லுங்க தம்பி" என்று பல தடவை கேட்டார். "ஆப்புல பதிஞ்சிருக்கீங்களாண்ணே?" என்று கேட்டுத் தட்டிக்கழித்தேன். ஏப்ரல் சீசனில் ஒருமுறை குடும்பத்தோடு நுவரெலியா போக அவரையே கூப்பிட்டேன். கூலி பேசும்போது, நாமே ஓட்டுகிற சின்னக் காரின் நாள் வாடகையைத் திரையில் காட்டிப் பேரம் பேசினேன். அதில் பெட்ரோல் இல்லை, ஓட்டுகிறவரின் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. அவரும் திரையைப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, உங்களுக்காக" என்று குறைத்தார்.

நானுஓயா பக்கம் வரைபடம் ரதல்ல குறுக்குப் பாதையைக் காட்டியது. நேரம் மிச்சம், அதில் போகலாம் என்றேன். அவர் மாட்டேன் என்றுவிட்டார். 2023 ஜனவரியில் அந்த இறக்கத்தில் பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி ஏழு பேர் போனது அவர் மனதில் இருந்தது. மூடுபனியில் எந்த வளைவில் பிரேக்கை நம்பக்கூடாது என்ற அறிவை என் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் போடுவது? அதற்கு நான் கட்டமே வைக்கவில்லை. ஓட்டுநருக்குப் படுக்கை உண்டா என்பதற்கும் வைக்கவில்லை. நாங்கள் தங்கிய இடத்தில் அது இருக்கவில்லை. நுவரெலியா குளிரில் அவர் வேனுக்குள் படுத்தார். எனக்குத் தெரியும். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். காலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நல்லா தூங்குனீங்களா தம்பி?" என்று கேட்டார்.

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சைவக்கடைகளில் நான் தோசை சாப்பிடுவேன். மற்றவர்களுக்கு அனுப்பும் பட்டியலில் அவற்றைச் சேர்க்க மாட்டேன்.

தளங்களின் பேரில் பழியைப் போட எனக்கு வசதி இருந்தது. ட்ரிவாகோ ஹோட்டல் விலைகளை ஒப்பிட்டுக் காட்டும்போது, அதிகக் கட்டணம் கொடுக்கிற தளங்களுக்கு முன்னுரிமை கொடுத்து மக்களைத் தவறாக வழிநடத்தியது என்று ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2020இல் தீர்ப்புச் சொன்னது. 2022இல் 44.7 மில்லியன் ஆஸ்திரேலிய டொலர் அபராதம். பிரிட்டனில் போட்டி ஆணையம் 2019இல் தலையிட்டு, தரகுப் பணம் வரிசையைப் பாதிக்கிறது என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள் என்று பெரிய தளங்களிடம் உறுதி வாங்கியது. இவற்றையெல்லாம் படித்து, ஆபீசில் ஆவேசமாகப் பேசியிருக்கிறேன். அந்தக் கம்பனிகளுக்காவது பணம் வந்தது. எனக்கு ஒருவரும் ஒரு சதம் தராமலே, நானாக உட்கார்ந்து, என் சொந்த சனத்தை வரிசையிலிருந்து எடுத்துப் போட்டேன். "புரோகிராம் காட்டலையே" என்று சொல்லிவிட்டால் எவர் முகத்தையும் பார்த்து மறுக்க வேண்டியதில்லை. அந்த வசதிக்காகத்தான் அதை எழுதினேன் என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு வரிகளையும் அழித்துவிட்டேன். அதனால் அக்காவின் மாடி அறைகளுக்கு ஒருவரும் வந்துவிடப் போவதில்லை. வேன் அண்ணனிடம் அன்றைய பேரத்தைப் பற்றிப் பேசி, குறைத்த காசைக் கொடுத்தேன். வாங்க மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார். வேனுக்குள் படுத்த இரவைப் பற்றி நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த ஐந்து யார் போட்டது என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், தெரிந்துமிருக்கலாம். டிசம்பர் பௌர்ணமிக்குச் சீசன் தொடங்குமுன் மஸ்கெலியாவுக்குப் போகிறேன். கம்பளித் தொப்பியை நண்பனிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். எந்தத் தோட்டம், எந்த லயம், யாருடைய மகன் என்று முதலில் தமிழில் சொல்வேன். அதற்குப் பிறகு அந்த ஐந்தைப் பற்றிச் சொல்வேன்.