பத்தொன்பதரை வோல்ட் வந்தும் ஏறாத சார்ஜ்

– மாணவி, இரண்டாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை



"போர்டு போச்சும்மா!" லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போன எவருக்கும் இந்த வார்த்தை புதிதல்ல. டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துக் கையை விரிப்பதுபோல ஒரு முகபாவம். அடுத்து ஒரு தொகை. எனக்குச் சொன்ன தொகை 3,800 ரூபாய்.

அது பழைய லேப்டாப்தான். செகண்ட் ஹேண்டில் 14,000 ரூபாய்க்கு வாங்கியது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா வேடசந்தூர்ப் பக்கம் பஞ்சாலையில் வேலை பார்க்கிறது. அந்த லேப்டாப்புக்காக அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. இப்போது இது வேறு! மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க ஒன்பது நாள் இருந்தது.

போனில் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மில்லுல அட்வான்ஸ் கேட்டுப் பாக்குறேன் பாப்பா. ஆமா, நீ கரண்ட்டுப் படிப்புத்தானே படிக்கிற? அதுல என்னா போச்சுன்னு உனக்குத் தெரியாதா?" என்றது.

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டது. இ.இ.இ. படிக்கும் நம்மிடம் ஊரில் மிக்ஸியையும் டேபிள் ஃபேனையும் கொண்டுவந்து நீட்டுகிறார்களே, அந்த நம்பிக்கைதான். எனக்குத்தான் பதில் இல்லை. "ரெண்டு நாள் பொறும்மா, பணம் கேக்காதே" என்று மட்டும் சொன்னேன்.

நோய் இதுதான். அடாப்டரைச் செருகினால் லேப்டாப் ஓடும். ஆனால் பேட்டரி 6 சதவீதத்தைத் தாண்டாது. திரையின் மூலையில் 'ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று எழுத்து வரும். இன்னொன்றும் இருந்தது, கடைக்காரர் அதைக் கேட்கவே இல்லை. வழக்கத்தைவிட லேப்டாப் ஆமை வேகத்தில் போனது.

முதலில் சுவரிலிருந்து ஆரம்பித்தேன். ஹாஸ்டல் ப்ளக் பாயிண்டுகள் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்பது இந்த மலரைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும்! வேறு பாயிண்ட், வேறு பவர் கார்டு. மாற்றமில்லை. பிறகு அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை முப்பது நொடி அழுத்திப் பிடித்தேன். உள்ளே தங்கியிருக்கும் மின்னூட்டம் வடிந்துவிட்டால் சில சமயம் சார்ஜிங் சர்க்யூட் புத்தி தெளிந்து எழும். என்னுடையது எழவில்லை.

அடுத்து பேட்டரி. விண்டோஸில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, நம்மில் பலருக்குத் தெரியாது. கமாண்ட் ப்ராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி' என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று சேர்த்து அடியுங்கள். புதிதாக இருந்தபோது பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு பிடிக்கும் என்று ரிப்போர்ட் வந்துவிடும். என்னுடையதில் 40,000 மில்லிவாட்-மணிக்கு 29,000 சொச்சம் காட்டியது. கிழடுதான், ஆனால் செத்துப்போன பேட்டரி இல்லை. (சில லேப்டாப்களில் பேட்டரியின் ஆயுளைக் காக்க 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் செட்டிங் உண்டு. அதைப் பார்க்காமல் கடைக்கு ஓடாதீர்கள்.)

மூன்றாவதாக மீட்டர். மெஷர்மென்ட்ஸ் லேப் சாரிடம் கெஞ்சி மல்டிமீட்டர் வாங்கினேன். அடாப்டர் லேபிளில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 65 வாட். மீட்டரை டி.சி.யில் வைத்து, கறுப்பு ப்ரோபை முனையின் வெளி உலோகத்திலும் சிவப்பை உட்சுவரிலும் வைத்தேன். 19.6 வோல்ட்! பிரமாதம். கடைக்காரரும் இதைத்தான் அளந்தார். "வோல்டேஜ் வருது, அப்ப போர்டுதான்" என்று முடித்துவிட்டார்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது, நண்பர்களே. என் அடாப்டரின் முனை உருண்டையானது, நடுவில் ஊசிபோல் ஒரு முள் நிற்கும். வெளி உலோகம் நெகடிவ், உட்சுவர் பாசிடிவ். இரண்டு போதுமே, மூன்றாவது முள் எதற்கு? அது கரண்ட் கொடுக்க வந்ததல்ல. அடாப்டர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வழி அது. "நான் 65 வாட்" என்று அந்த முள் வழியாகத்தான் லேப்டாப்புக்குத் தகவல் போகிறது. தகவல் போகாவிட்டால், வந்திருப்பவன் எத்தனை வாட் தாங்குவான் என்று லேப்டாப்புக்குத் தெரியாது. ஆகவே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாது. பிராசஸரின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஓடும், ஆனால் பயந்து பயந்து ஓடும். என் ஆமை வேகத்துக்குக் காரணம் புரிந்ததா? இந்தக் கால டைப்-சி சார்ஜரிலும் இதே மாதிரி ஒரு பேச்சுவார்த்தை உண்டு. லேப்டாப் கேட்டால்தான் அது 20 வோல்ட் தரும்.

லேப்டாப்பை ஆன் செய்யும்போது கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்து நிற்கும். கடைக்காரர் எஃப்-1 தட்டி அதைத் தாண்டிப் போய்விட்டார். நான் நிறுத்தி, அகராதி இல்லாமலே படித்தேன். அடாப்டரின் வகையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றுதான் அதில் எழுதியிருந்தது! அந்த இயந்திரம் தன் நோயைத் தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

மெக்கானிக்கல் பிரிவுத் தோழி ஒருத்தியிடம் அதே வகை அடாப்டர் இருந்தது. வாங்கிச் செருகினேன். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. 6... 7... 8. போர்டு போகவில்லை!

அதன் பிறகு என் அடாப்டரைச் செருகி, முனைக்குப் பக்கத்தில் வயரை மெதுவாக வளைத்துப் பார்த்தேன். ஒரு கோணத்தில் சார்ஜ் ஏறியது, விட்டதும் நின்றது. தினமும் பையில் சுருட்டிச் சுருட்டி வைக்கிறோமே, அந்த வளைவு முழுதும் வயரின் கழுத்தில்தான் விழுகிறது. பாசிடிவும் நெகடிவும் தடித்த கம்பிகள், தாங்கும். தகவல் கொண்டுபோகும் கம்பியோ நூல் மாதிரி. அதுதான் முதலில் அறும்.

மறுநாள் கடைவீதியில் முள் வைத்த முனையோடு மூன்று கம்பி உள்ள டி.சி. கார்டு 150 ரூபாய்க்குக் கிடைத்தது. லேப் சார் முன்னால் உட்கார்ந்து, அடாப்டரைப் பிடுங்கி வைத்துவிட்டு, பழைய முனையை நாலு விரல் தள்ளி வெட்டினேன். வெட்டிய துண்டில் மீட்டரை வைத்தால் வெளி உலோகத்துக்கு 'பீப்', உட்சுவருக்கு 'பீப்', நடு முள்ளுக்கு மௌனம். சார் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சால்டரிங் அயர்னை என் பக்கம் நகர்த்தி வைத்தார். மூன்று கம்பியையும் தனித்தனியே பற்றவைத்து, தனித்தனியே ஸ்லீவ் போட்டு, மேலே ஒரு பெரிய ஸ்லீவையும் ஏற்றினேன். ஒன்றோடொன்று தொடவில்லை என்று அளந்த பிறகுதான் கரண்ட் கொடுத்தோம். அதற்கும் மேல் வோல்டேஜைப் பார்த்துவிட்டுத்தான் லேப்டாப்பில் செருகினேன். அந்த இரண்டு வரி வரவில்லை.

ஆர்வக் கோளாறில் யாரும் அடாப்டர் பெட்டியையே உடைத்துத் திறக்க வேண்டாம். 230 வோல்ட் ஏ.சி.யின் உச்சம், 1.414-ஆல் பெருக்கினால் சுமார் 325 வோல்ட். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் அந்த அளவுக்கு ஏறி நிற்கும். ப்ளக்கைப் பிடுங்கியதும் அது உடனே இறங்கிவிடும் என்று நம்பிக் கை வைக்க முடியாது.

அம்மாவுக்கு ராத்திரி போன் செய்தேன். "150 ரூவாதாம்மா. அட்வான்ஸ் கேட்டுட்டியா?"

"கேக்கல. நீதான் பொறுக்கச் சொன்னியே." பக்கத்தில் யாரிடமோ, "பாத்துருச்சாம்... அதுவே பாத்துருச்சாம்" என்று சொல்வது கேட்டது. மில் சத்தத்தில் பேசிப் பேசி அம்மாவின் குரல் எப்போதும் பெரிசு. ரூமில் இருந்த மூன்று பேருக்கும் கேட்டிருக்கும்.

ரிப்போர்ட்டை எட்டாம் நாளே கொடுத்துவிட்டேன். அதிலிருந்து ஹாஸ்டலில் என் மேசைக்கு ஓய்வில்லை. நேற்று முதலாமாண்டுத் தங்கை ஒருத்தி தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். "அக்கா, சார்ஜ் ஏறல, டச் பேடும் மேலே தூக்கிட்டு நிக்குது" என்றாள். கீழே பேட்டரி உப்பியிருக்கிறது. மீட்டரைக்கூட எடுக்கவில்லை. ஆஃப் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, அழுத்தாமல் குத்தாமல் தூக்கிக்கொண்டு போய் புது பேட்டரி போடச் சொல்லி அனுப்பினேன். அவளுக்கு என்மேல் கொஞ்சம் ஏமாற்றம்தான்.