21 மீட்டரில் ஒரு மைல்

லண்டனின் அலெக்ஸாண்ட்ரா அரண்மனையில் மார்ச் மாத வார இறுதி ஒன்றில் கூடும் மாதிரி ரயில் கண்காட்சி, பிரிட்டனின் பெரிய கண்காட்சிகளுள் ஒன்று. அதோடு நெருங்கிய தொடர்புடைய மாதிரி ரயில் கழகம் 1910-இல் தொடங்கப்பட்டது. உலகில் அறியப்பட்ட மாதிரி ரயில் கழகங்களுள் மிகப் பழையது இதுதான். அதன் சொந்தக் கட்டடமான கீன் இல்லம் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. அலெக்ஸாண்ட்ரா அரண்மனை 1873-இல் திறக்கப்பட்டு, 16 நாட்களில் தீக்கிரையாகி, 1875-இல் மீண்டும் திறக்கப்பட்டது. பெயர்தான் அரண்மனை, அரசர் எவரும் அங்கே வாழ்ந்ததில்லை. பொதுமக்களின் பொழுதுபோக்குக்காகவே குன்றின்மேல் கட்டப்பட்ட மண்டபம் அது.

இந்தக் கட்டடத்தின் பின்வாசல் வரை ஒரு காலத்தில் ரயில் வந்தது. ஹைகேட்டிலிருந்து பிரிந்த கிளைப்பாதையில் 1954 ஜூலையோடு பயணிகள் வண்டி நின்றுபோனது. அந்தப் பாதையின் பெரும்பகுதி இன்று மரநிழல் கவிந்த நடைபாதை. நிலையக் கட்டடம் மட்டும் எஞ்சியிருக்கிறது. பிரிட்டன் முழுவதும் இதே கதைதான். 1963-இல் வெளியான பீச்சிங் அறிக்கை 2,363 நிலையங்களையும் சுமார் 8,000 கிலோமீட்டர் பாதையையும் மூடப் பரிந்துரைத்தது. 1968 ஆகஸ்டில் நாட்டின் பொது ரயில்வேயில் வழக்கமான நீராவி வண்டிகளின் காலம் முடிந்தது. ஊர்ப்புற நிலையங்கள், கைகாட்டி மரங்கள், நிலக்கரிக் கிடங்குகள், பால் கேன் ஏற்றும் நடைமேடைகள் என ஒரு வாழ்க்கைமுறையே சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. கண்காட்சியில் 1930-களையும் 1950-களையும் காட்டும் மாதிரி ரயில் தளங்கள் மிகுதியாக இருப்பதற்குக் காரணம் இதுவே. வெறும் பொம்மை விளையாட்டு என்று இதைக் கடந்துபோவது பெரிய தவறு. ஆவணமாக எழுதப்படாத ஒன்றைக் கையால் செய்து நிறுத்தும் வேலை இது.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் தெரிவது மரச்சட்டங்கள்மேல் நெஞ்சளவு உயரத்தில் நிற்கும் நீண்ட தளங்கள். ஆர்வலர்கள் இவற்றை லேஅவுட் என்பார்கள். பின்னால் வானமும் மலையும் தீட்டிய பலகை, மேலே ஒரு வரிசை விளக்கு, முன்னால் பார்வையாளர் சாய்ந்துவிடாதபடி ஒரு தடுப்பு. ஒரு தளத்தில் வேல்ஸ் பகுதியின் ஸ்லேட் சுரங்கம், அடுத்ததில் நள்ளிரவு மழையில் நனைந்த டீசல் இஞ்சின் கொட்டகை, அதற்கடுத்து சுவிட்சர்லாந்து மலைப்பாதை. தளத்தை உயர்த்தி வைப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் பொம்மையாகத் தெரியும். கண்மட்டத்தில் பார்த்தால் நடைமேடையில் நின்று பார்ப்பது போலிருக்கும். நல்ல தளம் எது என்று பிரிக்க விரும்புபவர் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும்.

இக்கலையின் முதல் சிக்கல் அளவு. பிரிட்டனில் பெரும்பாலோர் கையாளும் ஓஓ அளவில், நிஜத்தின் ஓர் அடி மாதிரியில் 4 மில்லிமீட்டர், அதாவது 76.2-இல் ஒரு பங்கு. அப்படியானால் 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள நிலையான ரயில்பாதை மாதிரியில் 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் ஓஓ தண்டவாளங்களுக்கு இடையே இருப்பது 16.5 மில்லிமீட்டர்தான். இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஐரோப்பாவில் ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்ற ஹெச்ஓ அளவுக்கு 16.5 சரியாகப் பொருந்தும். பிரிட்டிஷ் ரயில்கள் ஐரோப்பிய ரயில்களைவிடக் குறுகலானவை, உயரம் குறைந்தவை. தொடக்க காலத்து மின்மோட்டாரும் இயங்குபொறியும் அந்தச் சிறிய உடலுக்குள் அடங்கவில்லை. ஆகவே உடலை மட்டும் 4 மில்லிமீட்டர் அளவுக்குப் பெருக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். 1938-இல் வந்த ஹார்ன்பி டப்லோ இந்த அளவை வீடுதோறும் கொண்டுபோனது. மோட்டார்கள் பின்னர் எவ்வளவோ சிறுத்தும், குறுகிய தண்டவாளம் நிலைத்துவிட்டது.

இதைப் பொறுக்க முடியாதவர்கள் தாங்களே மாற்றுத் தரங்களை வகுத்தார்கள். ஈஎம் என்ற தரத்தில் அகலம் 18.2 மில்லிமீட்டர். 1960-களில் வகுக்கப்பட்ட பி-4 தரத்தில் துல்லியமான 18.83. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்கத் தோன்றும். ஓஓ இஞ்சினையும் பி-4 இஞ்சினையும் நேர் முன்னிருந்து பார்த்தால் விடை கிடைக்கும். முன்னது கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்கும். பின்னது தன் முழு அகலத்தில் ஊன்றி நிற்கும். அந்த நிற்பைப் பெறுவதற்காகச் சக்கரம், அச்சு, தண்டவாளம் என அனைத்தையும் தாமே செய்துகொள்ள ஒப்புக்கொண்டவர்கள் இவர்கள்.

நீளத்தின் கணக்கு இன்னும் கடினம். 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு மைல் என்பது 21 மீட்டர். பத்துப் பெட்டி கொண்ட விரைவு வண்டிக்கே இரண்டரை மீட்டருக்கும் நீளமான நடைமேடை வேண்டும். நிஜ நிலையம் ஒன்றை முழு அளவில் கட்டினால் மண்டபம் போதாது. எதைச் சுருக்குவது, எதைத் தொடக்கூடாது என்ற தேர்வில்தான் தளம் கட்டுபவரின் திறமை தெரிகிறது. தண்டவாளங்கள் பிரியும் முகப்பைச் சுருக்கினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்; இரண்டு பாலங்களுக்கு நடுவேயுள்ள வெற்று வயலைச் சுருக்கினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். மாதிரி ரயில் கழகத்தின் புகழ்பெற்ற கோபன்ஹேகன் ஃபீல்ட்ஸ் தளம் இதற்குச் சிறந்த பாடம். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து வடக்கு லண்டனை, கிங்ஸ் கிராஸிலிருந்து வெளியேறும் பாதைகளை, ஓர் அடிக்கு 2 மில்லிமீட்டர் அளவில் அது காட்டுகிறது. பின்வரிசைக்குப் போகப்போக வீடுகளின் அளவு படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். ஆகவே சில அடி ஆழமுள்ள பலகையில் ஒரு நகரமே தொலைவுக்கு விரிந்து கிடப்பதாகக் கண் நம்பிவிடுகிறது. கழக உறுப்பினர்கள் பல பத்தாண்டுகளாக, வாரந்தோறும் கூடிக் கட்டிவரும் கூட்டுப் படைப்பு அது.

கண்காட்சியில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிகக் கடினமான கைவேலை தண்டவாளம் போடுவது. கடையில் வாங்கிய தடத்தை ஆணியடித்துப் பொருத்துபவர்கள் பெரும்பான்மையினர். கையால் போடுபவர்களின் வழி வேறு. வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, அதன்மேல் செப்பு பூசிய மெல்லிய ஸ்லீப்பர் கட்டைகளை வரிசையாக ஒட்டுவார்கள். நிக்கல் சில்வர் உலோகத் தண்டவாளத்தை அளவுக்கட்டையால் பிடித்து ஒவ்வொரு கட்டையிலும் ஈயத்தால் பற்றவைப்பார்கள். இரு தண்டவாளங்களுக்கும் மின்தொடர்பு ஏற்பட்டுவிடாமல் இருக்கக் கட்டை ஒவ்வொன்றின் செப்புப் பூச்சிலும் அரத்தால் ஒரு கீறல் வேண்டும். தடம் பிரியும் இடமான பாயிண்ட் அமைப்பதுதான் சோதனை. நகரும் நாக்கை அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் கத்தி முனையாக்க வேண்டும். இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் மூக்கில் சக்கர விளிம்பு போக விடும் இடைவெளி பி-4 தரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே தலைமுடி அளவு பிசகினாலும் வண்டி தடம் புரளும். வளைவிலேயே பிரியும் பாயிண்டுகளைத் தடுமாற்றமின்றி வண்டிகள் கடக்கும் தளம் ஒன்றைக் கண்டால், அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிடுவது நியாயம்.

தளம் பல துண்டுப் பலகைகளாகப் பிரிந்து வண்டியில் ஏறி வர வேண்டியிருப்பதால் மூட்டுகளுக்குத் தனி கவனம். பித்தளை முளைகள் பலகைகளை ஒரே கோட்டில் நிறுத்துகின்றன. மூட்டின் விளிம்பில் தண்டவாள முனைகளை உறுதியான செப்புத் தகட்டில் பற்றவைத்திருப்பார்கள். ஏற்றி இறக்கும்போது முதலில் அடிபடுவது அந்த முனைகள்தான். எல்லாம் முடிந்தபின் ஜல்லி. கல்பொடியைத் தூரிகையால் பரப்பி, தண்ணீர் கலந்த மரப்பசையில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு துளி சேர்த்துச் சொட்டுசொட்டாக விடுகிறார்கள். அந்த ஒரு துளி இல்லாவிட்டால் பசை உருண்டு நின்றுவிடும், உள்ளே இறங்காது.

கட்டடங்கள், செடிகொடிகளில் இக்கலை எட்டியிருக்கும் உயரத்துக்கு முன்னோடி ராய் இங்கிலண்ட். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் வந்த அவர், ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கேயுள்ள கிராமங்களின் பழைய கூரைவீடுகள் உருமாறுவதைக் கண்டு வருந்தி, அவற்றை அளந்து அட்டையில் கட்டத் தொடங்கினார். கூரைக்குக் குழாய் மூட்டில் சுற்றும் நாரைப் பயன்படுத்தினார். 1954-இல் அவர் நிறுவிய பெண்டன் அருங்காட்சியகத்தில் அவ்வேலை இன்றும் தொடர்கிறது. இன்றைய தளங்களில் புல்லுக்கு நைலான் இழை. பசை தடவிய தரையில் மின்னூட்டம் ஏற்றிய சல்லடையிலிருந்து தூவினால் இழை ஒவ்வொன்றும் நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் ஒரே நீளத்தில், ஒரே நிறத்தில் தூவிய புல் விரிப்புப் போலத்தான் தெரியும். 2, 4, 6 மில்லிமீட்டர் இழைகளைக் கலந்து, வேலியோரத்தில் காய்ந்த நிறமும் சாக்கடையோரத்தில் கரும்பச்சையும் காட்டுபவரே வெளியில் நடந்து பார்த்தவர். நல்ல தளங்களுக்குப் பின்னால் நெடிய ஆய்வு இருக்கிறது. பழைய நில அளவை வரைபடங்கள், நிலைய அலுவலகங்களின் கால அட்டவணைகள், கைகாட்டி வரைபடங்கள், யார்க் தேசிய ரயில் அருங்காட்சியகத்திலுள்ள இஞ்சின் வரைபடங்கள் என்று தேடித் திரட்டுகிறார்கள்.

எடையைச் சுருக்குவது யாராலும் முடியாத காரியம். 100 டன் இஞ்சினை 76.2-இன் கனத்தால் வகுத்தால் கிடைப்பது 226 கிராம். உருவத்துக்கு ஏற்ற எடையில் வண்டி ஓடினால் அற்பத் தூசியிலும் துள்ளும். ஆகவே வேகன்களின் அடியில் ஈயத் தகட்டை ஒட்டுகிறார்கள். வேகத்திலும் கண் ஏமாறுகிறது. மணிக்கு 60 மைல் என்பது மாதிரியில் விநாடிக்கு 35 சென்டிமீட்டர்தான். சரக்கு வண்டிக்கு அதில் பாதிகூட இல்லை. குழந்தைகள் வேகமாக ஓடச் சொல்வார்கள். அனுபவசாலி இயக்குநர் மெதுவாகத்தான் ஓட்டுவார்.

தளத்தின் பின்பக்கம் தனி உலகம். பின்னணிப் பலகைக்கு அப்பால் ஃபிடில் யார்ட் எனப்படும் மறைவிடம் இருக்கிறது. நாட்டின் மீதிப் பகுதி முழுவதும் அங்கேதான் இருப்பதாகக் கொள்ளலாம். வண்டிகள் அங்கிருந்து புறப்பட்டு, காட்சிக்கு வந்து, மறுபடி அங்கேயே போய்ச் சேரும். இயக்குநர்கள் கையில் வரிசைச் சீட்டு வைத்திருப்பார்கள். இரு முனைகளிலும் நிற்பவர்கள் பேசிக்கொள்வது மணியால். நிஜக் கைகாட்டி அறைகளின் மணிமொழியே இங்கும் உண்டு. ஒரு தட்டு என்றால் கவனம். நான்கு தட்டு என்றால் விரைவு வண்டிக்குப் பாதை கேட்பது. இரண்டு தட்டு என்றால் வண்டி உள்ளே நுழைந்துவிட்டது. பக்கிங்ஹாம் என்ற புகழ்பெற்ற தளத்தைக் கட்டிய பாதிரியார் பீட்டர் டென்னி, மகன் கிறிஸ்பின் இல்லாத வேளைகளில் அவன் பார்த்த மறைவிட வேலையைச் செய்ய ஓர் இயந்திரத்தையே உருவாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் தானியங்கிக் கிறிஸ்பின்.

மின்சாரம் இன்று இரண்டு வகை. பழைய முறையில் தடத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 12 வோல்ட் வரை கூட்டிக் குறைத்துத் தருவார்கள். புதிய எண்முறையில் தண்டவாளம் முழுதும் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஒவ்வோர் இஞ்சினுக்கும் ஒரு முகவரி எண். அந்த எண்ணுக்கான கட்டளையை அதன் வயிற்றிலுள்ள சில்லு மட்டும் ஏற்றுக்கொள்ளும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய இம்முறை 1990-களில் பொதுத் தரமாயிற்று. ஒலிச்சில்லு வைத்த இஞ்சின்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. பத்துத் தளங்கள் அடுத்தடுத்து இரைந்தால் மண்டபத்தில் காது வலிக்கிறது. ஒலியைத் தாழ்த்தி வைப்பவர்களே பாராட்டுக்குரியவர்கள்.

வணிகர் கடைகள் மண்டபத்தில் கணிசமான இடத்தைப் பிடிக்கின்றன. 1990-களின் இறுதியில் ஹார்ன்பி தன் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றியது. அதன்பின் பெட்டியைப் பிரித்ததும் ஓடும் இஞ்சின்களின் தரம் வெகுவாக உயர்ந்துவிட்டது. முன்பு அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகடுகளை மடக்கிப் பற்றவைத்துப் பல மாதம் உழைத்துப் பெற்றதை இன்று விலைகொடுத்து வாங்கிவிடலாம். இதனால் கைவேலை அழிந்துவிடவில்லை. அது இஞ்சினிலிருந்து நிலத்துக்கும் தண்டவாளத்துக்கும் நகர்ந்திருக்கிறது. வாங்கிய பளபளப்பான வண்டியில் புகைக்கரியும் துருவும் எண்ணெய்க் கசிவும் ஏற்றுவது தனிக் கலையாக வளர்ந்துள்ளது. சிறு உதிரிப் பாகங்கள் செய்வோர் பெரும்பாலும் ஒருவர், இருவர் நடத்தும் வீட்டுத் தொழில்கள். உரிமையாளர் ஓய்வுபெற்றால் பொருளும் சந்தையிலிருந்து மறைந்துவிடும். 2 மில்லிமீட்டர் சங்கம் போன்ற அமைப்புகள் உறுப்பினர்களுக்காகத் தாமே பாகங்கள் செய்து இருப்பு வைத்திருப்பது இதனால்தான்.

கடைகளை விடப் பயனுள்ளவை செய்முறை மேசைகள். வில்லைக் கண்ணாடி அணிந்து ஒருவர் சக்கரக் கம்பிகளுக்கு நிறம் தீட்டுவார். இன்னொருவர் பிசினில் அச்சிட்ட முப்பரிமாணப் பாகத்தைச் சுத்தம் செய்வார். கேட்டால் கையிலிருப்பதை வைத்துவிட்டு விளக்குவார்கள். தொழில் ரகசியம் என்று எதையும் மறைக்கும் பழக்கம் இவர்களிடம் இல்லை. ஓய்வுபெற்ற மின்பணியாளர்கள், ஆசிரியர்கள், ரயில்வேக்காரர்கள் என்று மூத்த ஆண்களே இவர்களில் மிகுதி. பெண்களும் இளைஞர்களும் குறைவு. இது இக்கலைக்கு உண்மையான கவலை. தளம் கொண்டுவருபவர்களுக்குப் பொதுவாகக் கூலி கிடையாது. வண்டி வாடகை, தங்குமிடம், உணவு ஆகிய செலவுகளை அமைப்பாளர்கள் ஏற்பார்கள், அவ்வளவே.

வெள்ளிக்கிழமை கட்டி நிறுத்திய ஊர்கள் ஞாயிறு மாலை கதவு மூடியதும் சில மணி நேரத்தில் பிரிக்கப்படுகின்றன. முதலில் வண்டிகள் பஞ்சணை வைத்த பெட்டிகளுக்குப் போகும். பிறகு விளக்குகள், பின்னணி. கடைசியாகப் பலகைகள் ஜோடிஜோடியாக முகம் பார்க்கத் திருகி இறுக்கப்படும். அடுத்த கண்காட்சிகளுக்கான அழைப்பும் இந்த மண்டபத்திலேயே நடந்துவிடுகிறது. பிற ஊர்க் கழகங்களின் பொறுப்பாளர்கள் இரண்டு நாளும் சுற்றிப் பார்த்து, பிடித்த தளத்தின் உரிமையாளரிடம் நேரில் கேட்பார்கள். நல்ல தளமாக இருந்தால் தேதி கிடைக்க இரண்டு, மூன்று ஆண்டுகள்கூடக் காத்திருக்க வேண்டும்.