நான்கு நாள் விருந்தாளிகள்

ஊரை விட்டுப் போன பிள்ளைகள் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர் பார்க்க வரும் காலம் இது. ஆடி ஆவணி மாதங்களில் யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்திற் சென்று நின்றால், பெரிய பெட்டிகளுக்கு நடுவே வெயிலில் முகம் சிவந்து நிற்கும் சிறுவர் சிறுமியரைக் காணலாம். அவர்களுக்கு எதிரே, தமிழிற் பேசுவதா ஆங்கிலத்திற் பேசுவதா என்று தெரியாமல் கைகளை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும் பாட்டன் பாட்டிமாரையும் காணலாம். 2025ஆம் ஆண்டு, ஆடிப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்னதாக, நாமும் எம் மனைவியாரும் அவ்வாறே நின்றோம்.

மகளும் மருமகனும் ரொறொன்ரோவிலிருந்து வந்தார்கள். பேரனுக்குப் பத்து வயது, பேர்த்திக்கு ஆறு. கொழும்பில் மூன்று நாள், திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து நாள், நடுவே யாழ்ப்பாணத்துக்கு நான்கு நாள் என்று மருமகன் கணக்கிட்டு வைத்திருந்தார். "நாலே நாளா?" என்று மனைவியார் பெருமூச்சு விட்டார். நாம் பெருமூச்சு விடவில்லை. கடதாசி எடுத்து நேரசூசி போட்டோம். ஆசிரியத் தொழில் பார்த்தவர்களுக்கு ஓய்வு பெற்ற பின்னும் அந்தப் பழக்கம் போவதில்லை. கோவில்கள் பதினொன்று, கோட்டை, நூல் நிலையம், மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு, கந்தரோடை, நெடுந்தீவு என்று கடதாசியின் இரு புறமும் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் எப்போது விளையாடுவது என்பதற்கு அதில் இடம் இருக்கவில்லை.

முதல் நாட் காலை பத்து மணிக்குக் கோட்டைக்குப் போனோம். எமது பிழை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்திலேயே அடங்கியிருக்கிறது. ஆடி வெயிலில், நிழல் அரிதான அந்த மதில்களின் மேல் நின்றுகொண்டு, போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியதையும், ஒல்லாந்தர் 1658இல் அவர்களைத் துரத்திக் கோட்டையை ஐங்கோணமாகப் புதுக்கிக் கட்டியதையும், 1795இல் ஆங்கிலேயர் வந்ததையும், 1990இல் நிகழ்ந்த முற்றுகையையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்தோம். பேர்த்தி தண்ணீர் கேட்டாள். தண்ணீர்ப் போத்தல் வண்டியில் இருந்தது. பேரன் சுவரோரம் குந்தியிருந்து கைத்தொலைபேசியை எடுத்தான்.

"நாங்கள் சொல்லுறது அவனுக்கு விளங்குதா?" என்று மகளைக் கேட்டோம்.

"விளங்கும் அப்பா. அவன் கேக்கேல்லை" என்றாள்.

அன்றிரவு உணவு வேளையில் மருமகன் எமக்கு ஆறுதல் சொல்லுமாப்போல ஒரு கதை சொன்னார். முந்திய ஆண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளை ரோமாபுரிக்கு அழைத்துச் சென்றிருந்தாராம். மூன்று நாள். ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழமையான கொலோசியம் அரங்கம், தேவாலயங்கள், சிலைகள் எல்லாம் காட்டினாராம். "என்ன பார்த்தாய் என்று அவனைக் கேட்டுப் பாருங்கோ" என்றார். கேட்டோம். பேரன் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து, பாதி ஆங்கிலமும் மீதி கையுமாக விளக்கினான். அந்நகரத்து வீதிகளிலே எந்நேரமும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாய்கள் உண்டு. வளைந்திருப்பதனால் அவற்றை 'நசோனி', அதாவது பெரிய மூக்குகள், என்று அங்குள்ளோர் அழைப்பார்கள். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேலேயுள்ள சிறு துவாரத்தினூடாகத் தண்ணீர் பாய்ந்தெழும். வாய் வைக்காமற் குடிக்கலாம். தங்கையை நனைக்கவும் செய்யலாம். அரங்கத்தைப் பார்க்கப் போன பையன் குழாயைக் கொண்டு திரும்பியிருக்கிறான்! நேரசூசியை நாம் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தோம்.

மறுநாள் ஆடிப்பிறப்பு. யாழ்ப்பாணத்துச் சிறுவர்க்கு அந்நாளை நாவலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) தம் பாட்டினால் என்றைக்குமாக எழுதிக் கொடுத்துவிட்டார். மனைவியார் விடியவே கூழுக்கு அடுப்பு மூட்டினார். அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப் பால், பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், பனங்கட்டி. பிள்ளைகளுக்கு நாம் கொடுத்த வேலை ஒன்றே: வளவிலே விழுந்த பலாவிலைகளிற் கிழியாதவற்றைத் தேடி எடுத்துக் கழுவுவது. இலையை மடித்து ஈர்க்குக் குத்திக் கொடுத்ததும், கிண்ணத்தைத் தொட மாட்டேன் என்றாள் பேர்த்தி. அவள் குடித்த கூழ் கொஞ்சம்; செய்த இலைக் கரண்டிகள் பத்தொன்பது.

அயல் வீட்டுப் பையன் கொழுக்கட்டை வாங்க வந்தவன், கையோடு தன் வண்டிலையும் தள்ளிக்கொண்டு வந்தான். வாசகர்களிற் சிலர் ஓட்டியிருப்பீர்கள். நுங்கு குடித்த கோம்பை இரண்டை எடுத்து, ஒரு தடியின் இரு நுனியிலும் சில்லாகக் குத்தி, நடுவே கவர்த்தடியொன்றைக் கொடுத்துத் தள்ளுவது. பேரன் அதைக் கண்டதும் கைத்தொலைபேசியைத் திண்ணையில் வைத்தான். பிறகு இருவரும் பின்வளவுக்குப் போனார்கள். அயற்பையனுக்கு ஆங்கிலம் வராது. எம் பேரனுக்குத் தமிழ் வாயில் வராது. ஒரு மணித்தியாலம் கழித்து எமது செவியிலே "கோம்பை", "சில்லு", "இறுக்கிப் பிடி", "கிழிஞ்சு போச்சு" என்ற சொற்கள் இரண்டு குரல்களில் விழுந்தன. உள்ளதைச் சொல்வதானால், மகிழ்ச்சியோடு சிறிது மனத்தாங்கலும் உண்டாயிற்று. பல ஆண்டுகளாக ஞாயிறுதோறும் தொலைபேசியில் நாம் ஊட்ட முயன்றதை, ஒரு கோம்பை வண்டில் ஒரு மணித்தியாலத்தில் ஊட்டிவிட்டது.

அன்று பிற்பகல் ஐந்து மணிக்கு மீண்டும் கோட்டைக்குப் போனோம், இம்முறை சொற்பொழிவின்றி. பரவைக் கடலிலிருந்து சோளகக் காற்று வீசியது. "இதிலே எத்தனை மூலை?" என்று மட்டும் கேட்டோம். அண்ணனும் தங்கையும் ஓடி எண்ணி வந்தார்கள். ஐந்து. "ஏன் நட்சத்திரம் மாதிரிக் கட்டினவை?" என்று கேட்டது பேரன்தான். நாம் விடை சொல்லாமல் அவனை ஒரு கொத்தளத்திலும் தங்கையை அடுத்த கொத்தளத்திலும் பெரியவர்கள் துணையோடு நிறுத்தினோம். தன் காலடியில் உள்ள மதிலின் அடிவாரம் அவனுக்குத் தெரியவில்லை. தங்கையின் பக்கத்து அடிவாரம் நன்றாகத் தெரிந்தது. அவளுக்கும் அப்படியே. பீரங்கிகள் வந்த பின்னர், ஒளிந்துகொள்ள ஒரு முடுக்கும் விடாமல் ஒரு கொத்தளம் மற்றக் கொத்தளத்தைக் காக்குமாறு இவ்வமைப்பை முதலில் வகுத்தவர்கள் இத்தாலியர் என்றும், வெனிசு நகரத்தார் 1593இல் தொடங்கிய பல்மனோவா என்ற ஊர் முழுவதுமே ஒன்பது முனையுள்ள நட்சத்திரம் என்றும் சொன்னபோது, அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பேர்த்தியோ சுவர்க்கற்களில் முருகைக்கல்லின் பூவேலையை விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். கடலில் இருந்த கல் மதிலுக்குள் எப்படி வந்தது என்பது அவள் கவலை.

நிற்க. குழந்தைகளோடு வருவோர்க்கு இரண்டொரு வார்த்தை. நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்கக் குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலிற் போகவேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் சிறு பிள்ளைகளின் வயிறு அதற்கு உடன்படாது. நாம் அதனை விட்டுவிட்டோம். கடலில் இறங்கி விளையாட, காரைநகர்க் கசூரினாக் கடற்கரை போல ஆழங் குறைந்த இடம் நல்லது. தைப்பொங்கலுக்கு வருபவர்கள் வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டியைக் காட்டாமல் அழைத்துப் போகக் கூடாது. நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டுமென்றதும் எம் பேரன் வெட்கப்பட்டான். ஆயினும் பூசை மணி குறித்த நிமிடத்தில் அடித்தது கண்டு, தன் மணிக்கூட்டைப் பார்த்து வியந்தான். பிறகு வழமைபோலக் கோவிலடி ஐஸ்கிறீம் கடை. ரோமாபுரியிலும் மாலையானாற் குடும்பங் குடும்பமாக வீதிக்கு வந்து இதைத்தான் செய்கிறார்களாம். ஆனால் இவ்வளவு நிறங்களை ஒரே கிண்ணத்தில் அடுக்குவதில்லையாம்.

மூன்றாம் நாள் கீரிமலை. கடலுக்கும் கேணிக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் ஊற்று நீர். குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதையையும், கீரிமுகம் கொண்ட நகுல முனிவரின் கதையையும் வழியிலேயே சொல்லி முடித்திருந்தோம். பெண்களுக்கு வேறு கேணி இருப்பதால் பேர்த்தி அம்மம்மாவோடு போனாள், குளித்து வந்து, "என்ரை முகம் மாறிச்சுதா?" என்று எல்லோரிடமும் கேட்டாள். திரும்பும் வழியில் புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றையும் பார்த்தோம். இராமர் அம்பு பாய்ச்சி உண்டாக்கியதென்பது ஐதிகம். அதில் மேலே நன்னீர், ஆழத்திலே உப்பு நீர்.

"கலக்காதா?" என்று பேரன் கேட்டான். வீட்டுக்கு வந்து கண்ணாடிக் குவளையொன்றிற் பாதியளவு நன்றாக உப்புக் கரைத்த நீரை எடுத்தோம். பீற்றூட் சாறு சேர்த்த நன்னீரைக் கரண்டியின் முதுகிலே வழியவிட்டு மெல்ல ஊற்றச் சொன்னோம். சிவப்பு மேலே நின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத எமது குடாநாடு குடிப்பது இந்தச் சிவப்பைத்தான்: மாரி மழை சுண்ணக்கல்லினூடாக இறங்கிக் கனமான உப்பு நீரின் மேல் மிதக்கின்றது, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருப்பது மேலே வரும். பேர்த்தி ஒரு குழலை விட்டு உறிஞ்சி அதனையும் காட்டிவிட்டு, முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

கடைசி நாள் நூல் நிலையம். பார்வையாளர்க்கென்று நேரம் குறித்திருப்பார்கள். முன்னரே விசாரித்துக்கொள்ளுதல் நலம். சரசுவதி சிலையைத் தாண்டும்போதே எமது நெஞ்சு அடித்துக்கொண்டது. இதனைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று முதல் நாளிரவு நித்திரையில்லை. க. மு. செல்லப்பா 1933இல் தம் வீட்டிலிருந்த நூல்களை இரவல் கொடுத்துத் தொடக்கியதையும், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த இக்கட்டடம் 1959இல் திறக்கப்பட்டதையும் சொன்னோம். பிறகு, 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு இதற்குத் தீ வைத்தார்கள் என்றோம். ஏறக்குறைய 97,000 நூல்களும் பழைய ஓலைச் சுவடிகளும் எரிந்தன என்றோம். அதற்கு மேல் மகள் எம் கையைத் தொட்டாள், நிறுத்திக்கொண்டோம்.

பேரன் கைத்தொலைபேசியை எடுத்தான். மறுபடியும் விளையாட்டாக்கும் என்று எண்ணினோம். அவன் கணக்குப் போட்டான். நாளொன்றுக்கு ஒரு புத்தகம் வாசித்தால், 265 ஆண்டு. "ஒண்டும் தப்பேல்லையா தாத்தா?" என்று கேட்டான்.

ஒன்று தப்பியது. நாம் இரவல் வாங்கி, திருப்பிக் கொடுக்கும் திகதி கடந்தும் வீட்டில் வைத்திருந்த ஒரு புத்தகம். "அப்ப எவ்வளவு தண்டம் கட்ட வேணும்?" என்று சிரித்தான். நாமும் சிரித்தோம். "இப்ப எங்கை அது?" 1995 ஐப்பசியில் ஊரோடு ஊராக வெளிக்கிட்டபோது அலுமாரியில் விட்டுப் போனோம், திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. அந்த ஐப்பசியில் மகளுக்கு இவன் வயது. "நான் சின்னனிலை கண்டது எரிஞ்ச சுவரைத்தான்" என்றாள் அவள், மகனிடம். அவன் அம்மாவை வெகுநேரம் பார்த்தான். யார் வைத்தது, ஏன் வைத்தார்கள் என்று கேட்டான். பகை கொண்டவர்கள் வைத்தார்கள், மற்றதை நீ வளர்ந்து வாசித்து எனக்குச் சொல் என்றோம். சரியான விடைதானா என்று இன்றும் எமக்குத் தெளிவில்லை.

வரும் வழியில் நல்லூரில் யமுனா ஏரியைக் காட்டினோம். பழைய கேணி, யமுனையிலிருந்து நீர் கொண்டுவந்து கலந்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. பேர்த்தி அதன் கரையில் நின்று திடீரென்று கூவினாள். கேணி 'ப' வடிவில் அமைந்தது. அது அவள் பெயரின் முதலெழுத்து. ரொறொன்ரோவிலே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அழுதுகொண்டு படித்த எழுத்து, இங்கே தண்ணீராகக் கிடந்தது.

மாலையில், ஓலையில் எப்படி எழுதுவார்கள் என்று பேரன் கேட்டான். காற்றாடி செய்வதற்கு அயற்பையன் வெட்டிய குருத்தோலையின் மிச்சம் நிழலிற் காய்ந்து கிடந்தது. எழுத்தாணிக்கு ஒரு மெல்லிய ஆணி. பேர்த்தி தன் 'ப'வை மாத்திரம் கீறினாள். விளக்குக் கரியை எண்ணெயிற் குழைத்துப் பூசித் துடைத்ததும் எழுத்துக் கறுத்து எழுந்தது. பேரன் நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரை முழுவதும் எழுதினான். அது 'ன்' என்று முடிவது. கடைசிப் புள்ளியைக் குத்தினான். ஆணி ஓலையைத் துளைத்து மறுபுறம் போயிற்று.

"கிழிஞ்சு போச்சு!" என்றான்.

இதற்கு அஞ்சியே அந்நாளில் ஓலை எழுதியவர்கள் புள்ளி வைக்காமல் விட்டார்கள், வாசிப்பவனே புள்ளியை அறிந்து வாசிக்க வேண்டும் என்று சொன்னோம். வேறோர் ஓலை தருகிறோம் என்றதற்கு மறுத்துவிட்டான். துளையுள்ள ஓலையையே தன் கடவுச்சீட்டுக்குள் வைத்துக் கொண்டுபோனான். வண்டிலைக் கொண்டுபோக முடியவில்லை. அயற்பையனிடம் ஒப்படைத்துச் சென்றான்.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் தொலைபேசி மணி அடித்தது. மகள் என்று எடுத்தோம், பேரன். "தாத்தா, வண்டில் ஓடுதா?" என்றான். கோம்பை காய்ந்து வெடித்துவிட்டது என்றோம். "புதுக் கோம்பை?" நுங்குக் காலம் முடிந்துவிட்டது, இனி வைகாசியில்தான் என்றோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

"வைகாசி எப்ப வரும்?" என்று கேட்டான்.