நங்கநல்லூரில் ஒரு பழைய புகைபோக்கி

நங்கநல்லூர் என்றதும் உங்களில் பலருக்கு 32 அடி உயர ஆஞ்சநேயர்தான் ஞாபகத்துக்கு வருவார். ஒரே கல்லில் வடித்த அந்த மூர்த்திக்கு 1995-ல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது கோயிலைப் பற்றி அல்ல. அங்கே இருக்கும் வீடுகளைப் பற்றி. சரியாகச் சொன்னால், ஒரு வீட்டுச் சமையலறையைப் பற்றி!

பழவந்தாங்கல் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். மழை பெய்தால் அங்குள்ள சுரங்கப்பாதை குளமாகிவிடும். வெயில் நாளாகப் பார்த்துப் போங்கள். ராம் நகர், லட்சுமி நகர், ஹிந்து காலனி, வோல்டாஸ் காலனி என்று நகரும் காலனியுமாக நீள்கிறது ஊர். ஆலந்தூர் நகராட்சியில் இருந்த இந்தப் பகுதி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பக்கத்திலேயே மீனம்பாக்கம். பேச்சுக்கு நடுவே தலைக்கு மேல் விமானம் போனால், இங்கே இருப்பவர்கள் சற்று நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள்.

ஒரு கிரவுண்டு மனை, முன்னால் துளசி மாடம், பின்னால் கிணறும் தென்னையும் என்று இருந்த தனி வீடுகள் ஒவ்வொன்றாக ஃப்ளாட்டாகி வருகின்றன. மிஞ்சியிருக்கும் வீடு ஒன்றில்தான், எங்களுக்குத் தெரிந்த மாமி ஒருவர் இருக்கிறார். அறுபதுகளில் கட்டிய வீடு. சமையலறை மூலையில் செங்கல்லால் ஆன அடுப்பு மேடை; அதன் மேல் கூம்பாக எழும்பிக் கூரைக்கு வெளியே போகும் புகைபோக்கி. கேஸ் வந்த நாளிலிருந்து அதற்கு வேலை இல்லை. மேலே புகைக்கரி, கீழே, எப்போதோ யாரோ அடித்த பச்சை எனாமல் பெயின்ட், செதில் செதிலாக.

“பொண்ணு பிரசவத்துக்கு வரா. அதுக்குள்ள இதைப் பளிச்சுனு ஆக்கிடணும்டிம்மா. பிள்ளை இடிச்சுடலாம்கறான். எங்க மாமியார் கோலம் போட்ட அடுப்பு, எனக்கு மனசு வரலை” என்றார் மாமி.

ஊட்டி, குன்னூர் பங்களாக்களில் குளிர் காய்வதற்கென்று செங்கல் கணப்பு கட்டியிருப்பார்கள். அது பழசாகிக் களை இழந்தால் வெள்ளை அடித்துப் புதுசாக்குவது வெளிநாடுகளில் இப்போது பெரிய மோஸ்தர். நமக்குக் கணப்பு ஏது? நம் கணப்பு எல்லாம் இந்த அடுப்பு மேடைதான். செங்கல்லும் கரியும் இரண்டுக்கும் பொது. ஆகவே செய்யும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மாமி வீட்டுக்கு வந்த பெயின்டர் உப்புத்தாளை எடுத்துப் பச்சை பெயின்டைச் சுரண்டத் தயாராக நின்றார். “மாமி, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கோ!” என்றேன். காரணம் இருக்கிறது. பழைய எனாமல் பெயின்ட்களில், முக்கியமாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயம் கலந்திருக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்தது எதுவானாலும் சந்தேகப்படுவதே நல்லது. உலர்ந்த பெயின்டைத் தேய்த்தால் பறக்கும் தூள் தரையில் படியும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணியின் உடம்பில் சேர்ந்தால் வயிற்றுக் குழந்தைக்கும் போகும். இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது.

எனவே முதல் வேலை, பெண் வருவதற்கு வெகு முன்னாலேயே இதை முடிப்பது. தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, பாத்திரம் பண்டங்களை வெளியேற்றி, கதவைச் சாத்திக்கொண்டு, பெயின்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து நனைத்தே சுரண்ட வேண்டும். சுரண்டுகிறவருக்கு நல்ல முகமூடி வேண்டும். முந்தானையைச் சுற்றிக்கொண்டால் போதாது. தீயால் வாட்டி உரிக்கவே கூடாது. விழுந்த செதிலைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்; துளசிச் செடிப் பக்கம் கொட்டாதீர்கள். பெருக்காமல், ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள்.

அடுத்தது புகைக்கரி. எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றினால் கரி செங்கல்லுக்குள் இறங்கிவிடும். முதலில் உலர்ந்த பிரஷ். பிறகு வெதுவெதுப்பான நீரில் சலவைச் சோடா கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு தேய்த்துக் கழுவி, பல நாள் காயவிட வேண்டும். செங்கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் எங்கிருந்தோ ஈரம் வருகிறது என்று அர்த்தம். மாமி வீட்டில் புகைபோக்கி உச்சி திறந்தே கிடந்து மழை உள்ளே இறங்கியிருந்தது! அதற்கு ஒரு மூடி போட்டு, கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து தை பிறக்கும் வரை காத்திருந்தார்.

என்ன அடிப்பது? எமல்ஷன் அடித்தால் வழவழவென்று இருக்கும், வேண்டிய நிறமும் கிடைக்கும். ஆனால் அது தோல் மாதிரி படிவதால் உள்ளே ஈரம் இருந்தால் உப்பி உரியும். பிறகு செங்கல்லைப் பழையபடி பார்க்க நினைத்தாலும் முடியாது. என் ஓட்டு சுண்ணாம்புக்கே. அது செங்கல்லோடு ஒட்டி, மூச்சும் விட வைக்கும். நீற்றிய சுண்ணாம்புத் தூளை இரவே ஊற வைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, துளி நீலம் சேர்க்கலாம். (நீற்றாத சுண்ணாம்பை வீட்டில் நீற்ற வேண்டாம், கொதித்துத் தெறிக்கும். கரைத்த சுண்ணாம்பும் கண்ணில் பட்டால் ஆபத்துதான்.) செங்கல்லைச் சற்று நனைத்துவிட்டு மெல்லிசாக மூன்று பூச்சு. அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, “என்னடி, தண்ணியை அடிச்ச மாதிரி இருக்கு!” என்று மாமியும் பயந்தார். காயக் காயத்தான் வெளுக்கும்.

கரி ஆழமாக ஊறிய இடத்தில் எத்தனை பூச்சு அடித்தாலும் பழுப்புக் கசியும். அடுப்பின் வாய்க்குள் அப்படித்தான் ஆயிற்று. அதைக் கறுப்பாகவே விட்டுவிடச் சொன்னேன். வெள்ளைக்கு நடுவே அந்தக் கறுப்பு அழகாகவே இருக்கிறது. விளிம்பில் மாமி தன் கையாலேயே காவிப் பட்டை இழுத்தார். வாய்க்குள் இப்போது வெண்கலப் பானையும் உருளியும் உட்கார்ந்திருக்கின்றன.

தாளிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் சுண்ணாம்பு வேண்டாம், எண்ணெய் தெறித்தால் கறை போகாது. மற்ற இடங்களுக்கு வருஷா வருஷம் போகிக்கு முன் ஒரு பூச்சு போதும்.