நான் எழுதிய 253

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால், தென்காசியில் எங்கள் வீட்டிலும் பரபரப்புத் தொடங்கிவிடும். சீசன் நாட்களில் அப்பா அருவிக்குப் போகும் பாதையில் வளையல் கடை போடுவார். விற்பனைக்கு ஓர் அக்கா இருப்பார்கள். விடுமுறை நாட்களில் நானும் உடன் செல்வேன்.

சென்ற ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பச்சைக் கண்ணாடி வளையலில் மீதி எவ்வளவு என்று எண்ணச் சொன்னார் அப்பா. பன்னிரண்டு வளையல் ஒரு டஜன். பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ், அதாவது 144. பெட்டியில் 2 குரோஸ், 5 டஜன், உதிரி 3 இருந்தன. மழைக்கு முன் கடையை மூடும் அவசரத்தில், நோட்டில் 253 என்று மட்டும் எழுதிவிட்டேன்.

மறுநாள் அப்பா கணக்குப் பார்த்தார். இருக்க வேண்டியது 351. 98 வளையல் குறைந்தது!

“ஏம்மா, கணக்கு இடிக்குதே?” என்று அக்காவைக் கேட்டார்.

“ஒரு வளையலைக்கூட நான் தொடலையே, அண்ணாச்சி” என்ற அக்காவின் கண்கள் கலங்கின. பெட்டியை இறக்கி, எங்கள் முன்னாலேயே எண்ணத் தொடங்கினார்கள். “குரோஸ் ரெண்டு, டஜன் அஞ்சு, உதிரி மூணு.”

இரண்டு, ஐந்து, மூன்று! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 288, 60, 3, கூட்டினால் 351. தவறு என்னுடையது. உண்மையைச் சொல்லி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “போகட்டும் தாயி” என்றார்கள். ஆனால் அன்று முழுவதும் அவர்கள் அதிகம் பேசவில்லை.

எங்கள் கணித ஆசிரியை இதைக் கேட்டுப் புன்னகைத்தார். நான் அறியாமலே பன்னிரண்டை அடிமானமாகக் கொண்டு எழுதியிருக்கிறேனாம்! நாம் வழக்கமாக எழுதும் முறையில், இடப்பக்கம் நகர நகர இலக்கத்தின் மதிப்பு பத்து மடங்காகும். இம்முறையிலோ பன்னிரண்டு மடங்காகும்: 1, 12, 144, 1728. பத்துக்கும் பதினொன்றுக்கும் தனிக்குறிகள் வேண்டும். நம் முன்னோர் நெல்லை 12 மரக்கால் ஒரு கலம் என்று அளந்தார்கள் அல்லவா?

1728 என்றதும் ராமானுஜனின் 1729 நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் நோயுற்றிருந்த அவரைக் காண வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் வந்த டாக்சியின் எண் 1729 சுவையற்றது என்றாராம். இரண்டு கனங்களின் கூடுதலாக இருவிதமாய் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார் ராமானுஜன். 10, 9 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. 12, 1 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. பன்னிரண்டின் கனம் ஒன்று, உதிரி ஒன்று. ஆகவே வளையல் கணக்கில் அது 1001! எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே.

இன்னொரு வியப்பும் உண்டு. 1729இன் இலக்கங்களைக் கூட்டினால் 19. அது 1729ஐ மீதியின்றி வகுக்கும். இத்தகைய எண்களை ஆராய்ந்து ‘ஹர்ஷத் எண்கள்’ எனப் பெயரிட்டவர், மகாராஷ்டிரத்துப் பள்ளி ஆசிரியர் காப்ரேகர். ஆனால் 1001 என எழுதினால் இலக்கங்களின் கூடுதல் 2. ஒற்றைப்படை எண்ணை அது வகுக்காது! ஆகவே அந்தச் சிறப்பு எழுதும் முறையால் வந்தது. 7, 13, 19 என்ற பகாக் காரணிகளோ, எம்முறையில் எழுதினாலும் மாறுவதில்லை.

அக்காவின் நேர்மையும் அப்படித்தான். என் நோட்டில் 253 என்று இருந்தபோதும் அது குறையவில்லை; 351 என்று தெரிந்தபோது கூடவுமில்லை. இப்போதெல்லாம் ஒருவர் கணக்கு இடித்தால், அவர் எதை அடிமானமாகக் கொண்டு எண்ணினார் என்று முதலில் கேட்கிறேன்.