குளிருக்கு வீட்டை அடைச்ச கதை

கார்த்திகை மழை ஓய்ஞ்சு வானம் தெளிய ஆரம்பிச்சாலே எங்க மலையில எல்லாரும் ஒரு வேலையில இறங்கிடுவோம். ஊதுபத்தி ஒண்ணைக் கொளுத்திக் கையில பிடிச்சுக்கிட்டு வீட்டைச் சுத்தி வர்ற வேலை. சாமி கும்பிட இல்லீங்க. ஊதுபத்திப் புகை எந்த இடத்துல ஆடுதோ, அந்த இடத்துல காத்து உள்ள நுழையுதுன்னு அர்த்தம். அங்க சாக்கட்டியால ஒரு கோடு போட்டு வச்சுக்கணும். அடைக்க வேண்டிய இடம் அதுதான்.

மெட்ராஸ்ல இருக்கிற உங்களுக்கு ஃபேனை ஒரு பாயிண்ட் குறைச்சாக் குளிர்காலம் வந்தாச்சு. எங்க ஊர் கொடைக்கானலுக்கு மேற்கே 35 கிலோமீட்டர், மன்னவனூர் பக்கம். மத்திய அரசோட செம்மறி ஆராய்ச்சி மையம் இங்கதான் இருக்கு. கம்பளிக்காக பாரத் மெரினோ ஆடு வளர்க்கிறாங்க. உடம்பு முழுக்கக் கம்பளி போத்தின ஆடு சந்தோஷமா மேயுற ஊர்னா குளிர் எப்படி இருக்கும்னு பார்த்துக்கோங்க.

இங்க ஒரு கணக்கு உண்டு. ராத்திரி மேகம் இருந்தா பயமில்லை. பூமியோட சூட்டை மேகம் போர்வை மாதிரி பிடிச்சு வச்சுக்கும். காத்து அசையாம, வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்து, நட்சத்திரம் எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சா அன்னைக்கு உறைபனி. விடிகாலையில புல்லு மேல உப்பைக் கொட்டின மாதிரி இருக்கும். வெயில் ஏறினதும் உருளைக்கிழங்குச் செடி வெந்நீர் ஊத்தினாப்ல கருகித் தொங்கும். டூரிஸ்ட்டுகளுக்கு அது ஃபோட்டோ, எங்களுக்கு நஷ்டம்.

எங்க தாத்தா கட்டின வீடு மண் வீடு. ஒன்றரை அடிச் சுவர், புல்லுக் கூரை, ஜன்னல்னு சொல்ல ரெண்டு பொந்து. அடுப்பும் அதே வீட்டுக்குள்ளதான். அடுப்புக்கு மேல பரண், பரண்ல விதைப் பூண்டுக் கட்டு. அடுப்புப் புகை பூண்டைப் பக்குவமா வச்சிருக்கும், பூண்டுக் கட்டு கூரைச் சூட்டைக் காப்பாத்தும். அந்த வீட்ல நான் குளிர்ல நடுங்கினதா ஞாபகமே இல்லை.

வெள்ளாமை நல்லா இருந்த ஒரு வருஷம் அதை இடிச்சிட்டு ஹாலோபிளாக் சுவர் வச்சு, மேல தகர ஷீட் போட்டேன். பார்க்க ஜோரா இருந்துச்சு. முதல் மார்கழியிலயே தெரிஞ்சு போச்சு, நான் கட்டினது வீடு இல்லை, ஐஸ் பெட்டின்னு. தெளிஞ்ச வானத்தைப் பார்த்துக்கிட்டிருக்கிற தகரம், வெளிக்காத்தை விடவும் சில்லுன்னு ஆயிடும். நாம விடுற மூச்சுக்காத்து போயி அதுல பட்டு, தண்ணியா மாறி, விடிகாலை நாலு மணிக்கு மூக்கு மேல சொட்டும். அம்மா ஒண்ணுதான் சொன்னாங்க. “உங்க தாத்தா மண்ணுல கட்டினாரு. நீ காசுல கட்டியிருக்க.”

அது எனக்கு ரோஷமாப் போச்சு. அடுத்த வருஷம் கார்த்திகையில, செலவில்லாம இந்த வீட்டைச் சூடாக்கிக் காட்டுறேன்னு இறங்கினேன். செஞ்சதையெல்லாம் வரிசையாச் சொல்றேன். ஊட்டியிலயோ ஏற்காட்டுலயோ சொந்தக்காரங்க இருந்தா அவங்களுக்கும் உதவும்.

முதல்ல கூரை. தகரத்துக்கு ஒரு அடி கீழ சுவருக்குச் சுவர் குறுக்கும் நெடுக்குமா கட்டுக்கம்பி இழுத்தேன். அது மேல பழைய ஃப்ளெக்ஸ் பேனர், அதுக்கு மேல கிழங்கு மூட்டைச் சாக்கு ரெண்டு அடுக்கு. தகரத்துக்கும் சாக்குக்கும் நடுவுல காத்து அசையாம நிக்கும். அசையாத காத்துதான் குளிருக்கு நல்ல தடுப்பு, கம்பளிக்குள்ள இருக்கிற சூட்சுமமும் அதுதான். பேனர் எல்லாம் ஓசி. ஒண்ணு சொந்தக்காரப் பையனோட கல்யாண பேனர். மாப்பிள்ளையும் பொண்ணும் மேலேர்ந்து எங்களையே பார்த்துச் சிரிச்சுட்டு இருக்க, வீட்டுக்காரம்மா திட்டித் திருப்பிப் போட வச்சா. அடுப்படிப் பக்கம் மட்டும் பேனர் கட்டாதீங்க. ஒரு பொறி பட்டாப் போதும், பத்திக்கும்.

ரெண்டாவது தரை. நாம மேல போர்த்துறதுலயே கவனமா இருப்போம். ஆனா சிமெண்ட் தரை கீழ இருந்து உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். பாய்க்கு அடியில ரெண்டு சாக்கை விரிச்சாலே ஒரு போர்வை மிச்சம்.

மூணாவது ஜன்னல் கண்ணாடி. பொருள் சுத்தி வர்ற முட்டைக் கவர் இருக்கே, பசங்க டப்பு டப்புன்னு உடைப்பாங்களே, அதை அளவா வெட்டி, கண்ணாடியில சோப்புத் தண்ணி தெளிச்சு, குமிழ் இருக்கிற பக்கத்தை ஒட்டினா அப்படியே நிக்கும். வெளிச்சமும் வரும். கதவுக்கு அடியில இருக்கிற இடுக்குக்குப் பழைய பேன்ட்டோட ஒரு காலை வெட்டி, மணலும் மரத்தூளும் நிரப்பி, ரெண்டு பக்கமும் தைச்சுப் போட்டேன். என் பையன் அதுக்கு மலைப்பாம்புன்னு பேர் வச்சான்.

நாலாவது வெயில். இதுக்குச் செலவே கிடையாது. மார்கழியில சூரியன் தெற்குப் பக்கமாச் சாய்ஞ்சு போகும். தெற்கு ஜன்னலுக்கு நேரா இருந்த மரக்கிளையை வெட்டி விட்டேன். பத்து மணிக்குத் தெற்கு ஜன்னலைத் திறந்து வெயிலை உள்ள விடணும், மூன்றரை மணிக்குச் சாத்திடணும். படுக்கையும் அதே நேரம் வெயில்ல கிடக்கணும். நாலு மணிக்கு மேல திறந்து வச்சா, சேர்த்த சூடு மொத்தமும் வெளிய போயிடும்.

கடைசியா, நான் ரொம்பப் பெருமைப்பட்ட வேலை. தகர ஷீட் அலை அலையா இருக்கும் இல்லையா, அது சுவர் மேல உட்கார்ற இடத்துல ஒவ்வொரு அலைக்கு அடியிலயும் ஒரு சந்து இருக்கும். ரெண்டு பக்கமும் சேர்த்து நூத்துக்கு மேல. ஊதுபத்திப் புகை அந்தப் பக்கம் பேயாட்டம் ஆடுச்சு. பழைய துணியைத் திணிச்சு மேல சிமெண்ட் பூசி ஒண்ணு விடாம அடைச்சேன். முழுசா மூணு நாள் வேலை.

செலவு: கட்டுக்கம்பி 160, அரை மூட்டை சிமெண்ட் 210, ஒட்டு டேப் 120, ஆணி 40. ஆக மொத்தம் 530 ரூபா. பையன் ஸ்கூல் பிராஜெக்ட்டுக்கு வாங்கின தெர்மாமீட்டரைச் சுவத்துல மாட்டினேன். வெளிய நாலு டிகிரி, உள்ள பதிமூணு. முந்தின வருஷம் எட்டைத் தாண்டினதில்லை. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அந்தத் தெர்மாமீட்டரைக் காட்டினேன்.

இதோட எழுதி முடிச்சிருந்தா நல்ல குறிப்புன்னு நினைச்சுட்டுப் போயிருப்பீங்க. மீதியையும் சொல்லணும்.

அம்மாவுக்கு முட்டி வலி. குளிர் வந்தா ராத்திரி முழுக்கக் குடையும். பழைய வீட்ல இருந்தப்பவே ஒரு பழக்கம், அடுப்புல வெந்து தணிஞ்ச கரியை ஒரு இரும்புச் சட்டியில அள்ளிப் படுக்கைக்குப் பக்கத்துல வச்சுக்குவாங்க. கணப்புச் சட்டின்னு சொல்லுவோம். அவங்க மாமியார் செஞ்சது, அந்த மாமியாரோட மாமியாரும் செஞ்சது. புதுவீட்லயும் முதல் வருஷம் வச்சாங்க, ஒண்ணும் ஆகலை. நானும் அதைப் பத்தி யோசிச்சதே இல்லை.

நான் சந்தெல்லாம் அடைச்ச வருஷம், தை பிறக்க நாலஞ்சு நாள் இருக்கும். நல்ல உறைபனி. அம்மாவும் பையனும் உள் ரூம்ல, நாங்க முன் ரூம்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல பையன் தள்ளாடிக்கிட்டே வந்து நின்னான். தலை வலிக்குதுன்னான், நின்ன இடத்துலயே வாந்தி எடுத்தான். வீட்டுக்காரம்மா அவனைப் பிடிச்சுக்கிட்டு, “அத்தே, வெந்நி வைக்கவா”ன்னு உள் ரூமைப் பார்த்துக் குரல் கொடுத்தா. பதில் இல்லை.

எங்க அம்மா ஊசி விழுந்தா எந்திரிக்கிற ஆளு. அது தெரிஞ்சதால ஓடினேன். உலுக்கினேன். தலை ஒரு பக்கமாத் தொங்குச்சு. மூலையில கணப்புச் சட்டி, சாம்பல் பூத்து, உள்ள மட்டும் செவப்பா இருந்துச்சு. துளிப் புகை இல்லை, வாடை இல்லை. எனக்கும் தலை கிர்ருன்னு சுத்துச்சு. மலைப்பாம்பை எட்டி உதைச்சிட்டுக் கதவைத் திறந்து, அம்மாவைத் தூக்கிட்டு வந்து வாசல்ல பனி விழுந்த புல்லு மேல போட்டேன். எந்தக் குளிர் உள்ள வரக்கூடாதுன்னு ஒரு மாசம் பாடுபட்டேனோ, அந்தக் குளிர்ல உட்கார்ந்து அம்மா முகத்தைத் தட்டிக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரத்துல முனகினாங்க.

பக்கத்து வீட்டு மாமா காய்கறி லோடு ஏத்துற ஜீப்பை எடுத்துட்டு வந்தாரு. கொடைக்கானல் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். ஜன்னல் எல்லாம் திறந்து போட்டுத்தான் போனோம். ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “ரூமுக்குள்ள கரி போட்டீங்களா?” உடனே ஆக்ஸிஜன் வச்சாங்க. அம்மாவுக்கு ரெண்டு நாள், பையனுக்கு ஒரு நாள்.

அவர் விளக்கிச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். விறகுப் புகைன்னா இருமல் வரும், கண் எரியும், எந்திரிச்சு ஓடிடுவோம். கரியில புகை இல்லைங்கிறதால ஆபத்து இல்லைன்னு நினைக்கிறோம். கங்கு கனியும்போது கார்பன் மோனாக்சைடு வருது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்துல இது உட்கார்ந்துக்கும். ஆக்ஸிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல கெட்டியாப் பிடிச்சுக்கும். தலைவலி, குமட்டல், அசதி. தூக்கத்துல இருக்கிறவனுக்கு அசதி எப்படித் தெரியும்? அப்படியே போயிடுவான். நீலகிரியிலயும் கொடைக்கானல்லயும் கரி அடுப்பை ரூமுக்குள்ள, டென்ட்டுக்குள்ள வச்சுத் தூங்கி இறந்தவங்க செய்தி பேப்பர்ல எத்தனையோ தடவை வந்திருக்கு. நானும் படிச்சிருக்கேன். யாரோ வெளியூர்க்காரங்க, விவரம் தெரியாதவங்கன்னு நினைச்சுப் பக்கத்தைப் புரட்டியிருக்கேன்.

தாத்தா வீட்ல ஏன் ஒண்ணும் ஆகலை? புல்லுக் கூரை மூச்சு விடும். புகையும் விஷமும் மேல ஏறிக் கசிஞ்சு போயிடும். இந்த வீட்ல அந்த வேலையைச் செஞ்சது தகரத்துக்கு அடியில இருந்த சந்துங்க. அதைத்தான் நான் ஒண்ணு விடாம அடைச்சிட்டேன். சட்டி வச்சது அம்மா. ஆனா அந்தச் சட்டியை விஷமாக்கினது என் சிமெண்ட்டு. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் அம்மா காதுல ஏறலை. பேரனைக் கொல்லப் பார்த்துட்டேன்னு மனசுக்குள்ள வச்சுக்கிட்டாங்க. வாய் திறந்து சொல்லலை. அவனைப் பக்கத்துல படுக்க விடலை, அவ்வளவுதான். ஒரு மாசம் அப்படியே போச்சு. அப்புறம் ஒரு ராத்திரி அவனே போர்வையைச் சுருட்டிக்கிட்டுப் போய், “அப்பத்தா, தள்ளிப் படு”ன்னான். தள்ளிப் படுத்தாங்க.

ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே உளியை எடுத்தேன். உள் ரூம்லயும் முன் ரூம்லயும் எதிரெதிர்ச் சுவர்ல, மேல, பக்கத்துக்கு நாலு சந்தை மறுபடி உடைச்சு விட்டேன். எலி வராம இருக்க வலை மட்டும் அடிச்சேன். உள்ள இப்போ பதினொண்ணு, பதினொன்றரை டிகிரிதான் நிக்குது. ஒன்றரை டிகிரி போச்சு, போகட்டும்.

கணப்புக்குப் பதிலா அடுப்பு ஓரத்துல ரெண்டு செங்கல் வைக்கிறோம். ராத்திரிச் சமையல் முடியறதுக்குள்ள நல்லா சூடேறிடும். பழைய வேட்டியில நாலு சுத்துச் சுத்திப் போர்வைக்குள்ள கால்மாட்டுல வச்சா நடுராத்திரி தாண்டியும் வெதுவெதுன்னு இருக்கும். முட்டிக்கு உப்பை வறுத்துத் துணியில முடிஞ்சு ஒத்தடம். “கரிச்சூடு மாதிரி வராதுடா”ன்னு அம்மா இன்னும் சொல்றாங்க. உண்மைதான், வராது. அந்த இரும்புச் சட்டியை நான் தூக்கிப் போடப் போனேன், விடலை. மாமியார் கொடுத்ததாம். அடியில ஓட்டை போட்டுக் கொத்தமல்லி விதைச்சு வச்சிருக்காங்க.

நீங்க குளிர் பார்க்க மேல வந்தா ஒண்ணே ஒண்ணு. தங்குற இடத்துல கோழி சுட கரி அடுப்பு கொடுப்பாங்க. சுட்டுச் சாப்பிடுங்க. குளிருதேன்னு அந்த அடுப்பை ரூமுக்குள்ள, டென்ட்டுக்குள்ள எடுத்துட்டுப் போகாதீங்க. அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் எடுத்துட்டுப் போகாதீங்க. போர்வை பத்தலைன்னா இன்னொண்ணு கேளுங்க. கூச்சப்படாதீங்க, எங்க ஊர்ல போர்வை கேட்டா யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க.

மணி மூணே கால் ஆச்சு. இன்னைக்கு வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. கன்னுக்குட்டிக்குச் சாக்கு கட்டணும், தெற்கு ஜன்னலைச் சாத்தணும். வர்றேன்.